பம்ப் தெரியும், பனி புதிது: ஸ்னோ கன் வேலைக்குப் போகுமுன்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம். ஐடிஐ ஃபிட்டர் முடித்து, ஏழு வருடமாக ரைஸ் மில்லில் கம்ப்ரசரும் மோட்டாரும் பார்க்கிறேன். ஆஸ்திரியாவில் ஒரு பனிச்சறுக்கு மையத்தில், குளிர்காலம் முழுக்க ஸ்னோ கன் (தண்ணீரைப் பனியாக்கித் தூவும் இயந்திரம்) பார்க்கும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் பனியை நேரில் பார்த்ததே இல்லை. சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். சறுக்க வருகிறவர்கள் காலையில் பார்க்கும் வெள்ளைச் சரிவில் பெரும்பங்கு, ராத்திரிகளில் தண்ணீரைப் பனியாக்கிக் கொட்டியதாக இருக்கும். அது பம்ப், கம்ப்ரசர், வால்வு வேலைதான். நீங்கள் புதிதாகப் பழக வேண்டியவை இரண்டு: எப்போது பனி பிடிக்கும் என்ற கணக்கு, தண்ணீரை எங்கேயும் தேங்க விடாத பழக்கம்.

ஸ்னோ கன்னில் சில நாசில்கள் தண்ணீரோடு அழுத்தக் காற்றைக் கலந்து விடும். அந்தக் காற்று விரியும்போது குளிர்ந்து, பொடிப்பொடியாக உறைதுகள்கள் உண்டாகும். மற்ற நாசில்கள் தெளிக்கும் துளிகள் அவற்றில் ஒட்டி உறையும். விழுவதற்குள் உறைய நேரம் கிடைக்கவே ஃபேன் அவற்றைத் தூரமாகத் தள்ளுகிறது.

இதற்கு வெறும் தெர்மாமீட்டரைப் பார்த்தால் போதாது, வெட் பல்ப் அளவு, அதாவது ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு வேண்டும். பங்குனி வெயிலில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது; ஐப்பசி அடைமழையில் அப்படிக் குளிர்வதில்லை. உலர்ந்த காற்றில் தண்ணீர் ஆவியாகித் தானே குளிரும், அதே கதைதான். காற்று பிளஸ் 1 டிகிரியாக இருந்தாலும் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் வெட் பல்ப் மைனஸ் 3-க்கும் கீழே போகும், பனி விழும். மைனஸ் 1 டிகிரியில் ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் விழாது. பொதுவாக வெட் பல்ப் மைனஸ் 2.5-லிருந்து தொடங்குவார்கள். குளிர் கூடக் கூடத்தான் தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

தண்ணீர் அளவு சரியா என்பதைச் சட்டைக்கை சொல்லிவிடும். பனி விழும் இடத்தில் நின்று கையை நீட்டுங்கள். துகள் பட்டுத் தெறித்தால் சரி. ஒட்டி, துணியை நனைத்தால் தண்ணீர் அதிகம், உடனே குறையுங்கள். விட்டுவிட்டால் விடியும்போது சரிவில் பனி இருக்காது, கண்ணாடி மாதிரி ஐஸ்தான் இருக்கும். சரியாக விழுந்த குவியலைக்கூட ஈரம் வடிய விட்டுத்தான் பனி சமன்படுத்தும் வண்டி பரத்தும்.

1,000 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு, இரண்டேகால் கனமீட்டர் பனி கிடைக்கும். ஒரு கிலோமீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் கனம் என்றால் சுமார் 55 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 450 நடைக்கு மேல். பம்ப் ஹவுஸ் அடிவாரத்தில் இருந்தால், 300 மீட்டர் மேலே ஏற்றவே 30 பார் வேண்டும். கன்னுக்கு வேண்டிய அழுத்தம் இதற்கு மேல்.

அதனால் பிரஷர் இறங்காமல் எந்த ஹோஸையும் கழற்றாதீர்கள். ஹோஸை இணைக்கும் கப்ளிங்கின் காதுகள் இரண்டும் முழுக்கப் படிந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். உதறி அடிக்கும் ஹோஸ் ஆளை முடமாக்கிவிடும்.

மில்லில் மோட்டாரை நிறுத்தினால் வேலை முடிந்தது. அங்கே நிறுத்திய பிறகுதான் அவசரம். ஹைட்ரண்டை (ஹோஸுக்குத் தண்ணீர் விடும் வால்வை) முழுக்க மூடுங்கள். பல வகைகளில் முழுக்க மூடினால்தான் உள்ளே நிற்கும் தண்ணீர் வடியும். ஹோஸைக் கழற்றி, மேல்முனையிலிருந்து தோளில் ஏற்றி நடந்துகொண்டே கடைசித் தண்ணீர் வரை இறக்குங்கள். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் போதும், அங்கே கட்டி பிடிக்கும். உறைந்த ஹோஸ் இளக ஒரு கதகதப்பான அறையும் பல மணி நேரமும் வேண்டும். அந்த ராத்திரி போச்சு. கம்ப்ரசர் டேங்கில் ஈரம் வடிப்பதை இங்கே நாள் தள்ளியிருப்பீர்கள். அங்கே ஒரு ஷிஃப்ட்கூடத் தள்ள முடியாது, காற்று லைனே அடைத்துக்கொள்ளும்.

ஒப்பந்தத்தில் ராத்திரி ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், குளிர் தாங்கும் பூட்ஸும் நீர்புகா உடுப்பும் யார் தருவது, சரிவில் தனியாக அனுப்புவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கையுறை மட்டும் கூடுதலாக இரண்டு ஜோடி சொந்தமாக இருக்கட்டும், நனைந்த கையுறையோடு வால்வைப் பிடிக்க முடியாது.

புறப்படும்வரை வீட்டு வளவில், வெயில் படாமல் இரண்டு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித் துணி சுற்றி, விசிறிக் காற்றுப் படவிட்டு, காலையும் மாலையும் இரண்டையும் குறித்துவாருங்கள். ஈரத்துணி சுற்றியது காட்டுவதுதான் வெட் பல்ப்.