ஹோல் ஃபுட்ஸ் பங்கை வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஆர்கானிக் பொருட்கள் விற்கும் ஹோல் ஃபுட்ஸ் கடைகளில் நல்ல கூட்டமாம். அந்தப் பங்கில் பணம் போடலாமா?

பதில்: நீங்கள் ரொம்ப லேட். 2017-லேயே பங்குக்கு 42 டாலர் வீதம், கடனையும் சேர்த்துச் சுமார் 1,370 கோடி டாலருக்கு அமேசான் அதை மொத்தமாக வாங்கிவிட்டது, தனிப் பங்கே இப்போது கிடையாது. அமேசான் பங்கை வாங்கினால் ஹோல் ஃபுட்ஸும் கூடவே வரும்தான், ஆனால் அங்கே லாபத்தைத் தூக்கி நிறுத்துவது கிளவுட் தொழில் (இணையம் வழியே கம்ப்யூட்டர் வசதியை வாடகைக்கு விடுவது), மளிகை இல்லை.

இதே ரகத்தில் ஸ்ப்ரவுட்ஸ், நேச்சுரல் க்ரோசர்ஸ் இரண்டும் சந்தையில் இருக்கின்றன. கூட்டத்தை மட்டும் பார்த்து இறங்காதீர்கள். 2013-ல் 65 டாலரைத் தொட்ட ஹோல் ஃபுட்ஸ், வால்மார்ட்டும் காஸ்ட்கோவும் க்ரோகரும் அதே ஆர்கானிக் சரக்கை மலிவாக அடுக்க ஆரம்பித்ததும், இரண்டே வருடத்தில் கிட்டத்தட்ட பாதி விலைக்கு வந்துவிட்டது (இத்தனைக்கும் கடைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் இருந்தது!). அதனால் பழைய கடைகளில் விற்பனை வருடா வருடம் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் பி.இ. விகிதம் (ஒரு பங்குக்கான வருட லாபத்தைப் போல் எத்தனை மடங்கு பங்கு விலை என்ற கணக்கு). மளிகையில் லாப விகிதம் ரொம்ப மெல்லிசு, விற்பனை கொஞ்சம் சறுக்கினாலும் பங்கு விலை பலமாக அடிவாங்கும்.