ஜெபல் ஷம்ஸ் போகிறவர்களின் கேள்விகளுக்கு நிஸ்வாவிலிருந்து பதில்கள்

ஓமானின் நிஸ்வா ஊரில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். பள்ளியில் பாடம் நடத்துகிறேன். குளிர்காலம் வந்தால் விடுமுறை நாட்களில் எங்கள் வண்டி மலைப்பக்கம்தான் திரும்பும். ஜெபல் ஷம்ஸ் மலையையும், அதன் அடியில் பிளந்து கிடக்கும் பள்ளத்தாக்கையும், அந்தப் பக்கத்துச் சாப்பாட்டையும் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதுகிறேன்.

அக்கா, சென்னையிலிருந்து நான்கு நாள் பயணமாக மஸ்கத் வருகிறோம். ஜெபல் ஷம்ஸை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் வேண்டாம். மஸ்கத்திலிருந்து சுமார் 240 கிலோமீட்டர். வழியில் டீ குடிக்க நின்றால் போக மட்டும் நான்கு மணி நேரம் ஆகிவிடும். காலையில் கிளம்பினால் உச்சிவெயிலில் போய் நிற்பீர்கள். அந்த நேரத்தில் பள்ளத்தாக்கு வெளுத்துப்போய், ஆழமே தெரியாமல் தட்டையாக இருக்கும். நான்கு போட்டோ எடுத்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மாலை நான்கு மணிக்கு மேல் அங்கே நின்று பாருங்கள். வெயில் சாயச் சாய எதிர்ச்சுவரில் ஒவ்வொரு பாறை அடுக்கும் தனித்தனியாக எழும். கீழே ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில் நிழல் நிரம்பி மேலேறி வருவது கண்ணுக்குத் தெரியும். மஞ்சள்முகப் பாறுக் கழுகுகள் உங்கள் காலுக்குக் கீழே பறந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வரவேண்டும். ஒரு இரவு மலைமேல் தங்குங்கள். விளிம்புக்கு அருகில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன, கூடாரமும் போடலாம். இன்னொரு இரவு நிஸ்வாவிலோ அல் ஹம்ராவிலோ தங்கினால் சாப்பாட்டுக்கும் நேரம் கிடைக்கும்.

சாதாரண கார் போதுமா? ஃபோர் வீல் வாடகை அதிகமாக இருக்கிறதே.

நிஸ்வா, அல் ஹம்ரா, குல் வரை நல்ல தார்ச்சாலை. அதற்கு மேலும் பெரும்பகுதி தார்தான், நடுவில் கொஞ்ச தூரம் கரடுமுரடான ஜல்லிப் பாதை. சின்னக் காரில் ஏறுகிறவர்களும் உண்டு. நான் ஃபோர் வீல்தான் சொல்வேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. முதல் வருடம் ஒரு வாடகைக் காரில் போய், இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தோம். பாதி வழியில் கருகிய வாடை. ஒதுக்கி நிறுத்தி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். இறக்கத்தில் கியரைக் குறைத்து வண்டியை எஞ்சின் பிடியில் இறக்க வேண்டும், பிரேக் துணைக்கு மட்டும்தான். பெட்ரோலை அல் ஹம்ராவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

குல் ஊரைத் தாண்டும்போது வேகத்தைக் குறையுங்கள். வாதியின் மறுகரையில், மலைச்சரிவில் பழைய கல் வீடுகள் இடிந்து நிற்கின்றன. மலையின் நிறமும் வீட்டின் நிறமும் ஒன்றே என்பதால் பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். வாதி என்பது மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாறு. மேகம் கறுத்திருந்தால் அதில் வண்டியை இறக்கவே கூடாது. மழை வேறெங்கோ மலையில் பெய்திருக்கும், வெள்ளம் உங்களிடம் வந்து நிற்கும்.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயது. முட்டி வலி. அவர்களால் பார்க்க முடியுமா?

தாராளமாக. வண்டி நிற்கும் இடத்திலிருந்து சில நிமிட நடையிலேயே பள்ளத்தாக்கு தெரியும். சில இடங்களில்தான் தடுப்புக் கம்பி இருக்கிறது, மற்ற இடமெல்லாம் திறந்த விளிம்பு. அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கண்ணை விட்டு அகல விடாதீர்கள். ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோனால் ஒரு மணி நேரமாவது நிம்மதியாக உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பால்கனி நடை என்கிறார்களே, பத்து வயதுப் பையனைக் கூட்டிப்போகலாமா? எனக்கே உயரம் என்றால் கொஞ்சம் பயம்.

அல் கிதைம் என்ற சின்ன ஊரில் தொடங்கும் பாதை அது. பள்ளத்தாக்குச் சுவரின் நடுவயிற்றை ஒட்டிப் போய், ஆளில்லாமல் விடப்பட்ட அஸ் ஸாப் என்ற ஊரில் முடியும். போய்வர மூன்று நான்கு மணி நேரம். பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டைகள் தீட்டியிருப்பார்கள், அதைப் பார்த்தே நடந்தால் வழி தவறாது. கழுதைகளில் சாமான் ஏற்றிப்போன பழைய பாதை என்பதால் பெரும்பாலும் அகலமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. சொல்பேச்சு கேட்கிற பையன் என்றால் கூட்டிப்போகலாம், உள்பக்கமாக நடக்க வையுங்கள். உங்களுக்குத் தலை சுற்றும் என்றால் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அங்கேயே திரும்பிவிடுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

அஸ் ஸாப் போய்ச் சேர்ந்தால் அவசரப்படாமல் உட்காருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பாறையையே கூரையாக வைத்துக் கட்டிய வீடுகள். எதிரே படிப்படியாகச் சின்ன வயல்கள். அந்த உயரத்தில் மண்ணைச் சேர்த்து, கல் அடுக்கி, கசியும் நீரைக் கொண்டு பயிர் வைத்திருக்கிறார்கள். இந்த ஊர்ச் சாப்பாட்டின் ஒவ்வொரு கவளத்துக்கும் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

என் மகள் கேட்கச் சொன்னாள்: இவ்வளவு பெரிய பள்ளம் எப்படி வந்தது?

நல்ல கேள்வி. அந்தச் சுவர்கள் எல்லாம் சுண்ணாம்புக்கல். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலின் அடியில் கிளிஞ்சல்களும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து படிந்து பாறையானது. பிறகு நிலத்தட்டுகள் மோதி அந்தக் கடலடியையே மலையாகத் தூக்கிவிட்டன. ஹஜர் மலைத்தொடர் உருவானது அப்படித்தான். அதிலேயே உயரமானது ஜெபல் ஷம்ஸ், 3,000 மீட்டரைத் தொடுகிறது, நம் தொட்டபெட்டாவைவிட உயரம். அந்தப் பாறையை மழைவெள்ளம் அறுத்து அறுத்து இறங்கியதுதான் பள்ளம். பாதையோரக் கற்களைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், கிளிஞ்சல் தடங்கள் தெரியும். எடுக்காமல் பார்த்துவிட்டு வரட்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஷுவா எங்கே கிடைக்கும்? மலைமேலேயே கிடைக்குமா?

மலைமேல் விடுதிகளில் பெரும்பாலும் பஃபேதான். சோறு, கறி, ரொட்டி இருக்கும், வயிறு நிறையும். ஷுவா என்றால் மண்குழித் தணலில் வேகும் ஆட்டிறைச்சி, அதற்கு நிஸ்வாவுக்கு இறங்கி வாருங்கள். ஓமானிய உணவகங்கள் சிலவற்றில் போடுகிறார்கள், முதல் நாளே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் ஷுவாவின் உண்மையான இடம் பெருநாள். ஆட்டிறைச்சியில் பூண்டு, மல்லி, சீரகம், மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை, மிளகாய், வினிகர் எல்லாம் அரைத்துப் பூசி ஊறவைப்பார்கள். வாழையிலையில் சுற்றி, பேரீச்ச ஓலையில் முடைந்த பையில் கட்டுவார்கள். தெருவுக்குப் பொதுவாக ஓர் ஆழமான குழி இருக்கும். அதில் விறகு எரிந்து தணலானதும் எல்லா வீட்டுப் பைகளும் உள்ளே போகும். எந்தப் பை யாருடையது என்று தெரிய ஒவ்வொரு வீடும் ஓர் அடையாளம் கட்டிவிடும். பிறகு மூடியைப் போட்டு, புகை ஒரு நூல்கூட வெளியே வராதபடி மண்ணால் பூசிவிடுவார்கள். ஒரு நாள், சில ஊர்களில் இரண்டு நாள் அப்படியே கிடக்கும். திறக்கிற அன்று தெருவே குழியைச் சுற்றி நிற்கும். பக்கத்து வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு தட்டு வந்த முதல் பெருநாளை மறக்க முடியாது. கறியை எலும்பிலிருந்து பிய்க்கவே வேண்டாம், தொட்டால் கழன்றுவிடும். காரத்தைவிடப் புகையும் மசாலா வாசமும்தான் நாக்கில் நிற்கும்.

வழியில் சாயங்காலம் மிஷ்காக் சுடுகிற கடை கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். மசாலாவில் ஊறிய இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துத் தணலில் வாட்டித் தருவார்கள்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. முதலில் ரகால் ரொட்டி. மாவை வலது கையில் உருண்டையாக எடுத்து, சுடுகிற இரும்புத் தட்டின் மேல் அப்படியே இழுத்துத் தேய்ப்பார்கள். ஒட்டியது ஒட்டும், மிச்ச மாவு கையோடு திரும்பிவிடும். நம் பேப்பர் ரோஸ்ட்டைவிட மெலிசாக, மொறுமொறுவென்று வரும். தேன் ஊற்றிச் சாப்பிடுங்கள், சீஸ் தடவியும் தருவார்கள். முட்டை வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அல் ஹம்ராவில் பைத் அல் ஸஃபா என்ற பழைய மண் வீட்டில் உள்ளூர்ப் பெண்கள் இதைச் சுட்டுக் காட்டுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் மணிக்கட்டைப் பாருங்கள்.

அப்புறம் தங்கோ, கொண்டைக்கடலையை மிளகாயோடு வேகவைத்தது, நமக்குச் சுண்டல் சாப்பிட்ட திருப்தி. பருப்பு சூப், மோர் மாதிரியான லபன், பேரீச்சை எங்கும் உண்டு. சோறு மட்டும் எதில் வெந்தது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், பல இடங்களில் இறைச்சி வெந்த நீரிலேயே வேகவைப்பார்கள். நிஸ்வாவில் இந்திய உணவகங்களும் இருக்கின்றன. சாலையோரச் சாயாக் கடையில் பரோட்டாவுக்குள் சீஸும் ‘சிப்ஸ் ஓமன்’ என்ற உள்ளூர் உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கியும் வைத்துச் சுருட்டித் தருவார்கள், கூடவே கரக் சாயா என்ற திக்கான பால் டீ. இங்கே வளர்ந்த பிள்ளைகள் வெளிநாடு போனால் ஏங்குவது இதற்குத்தான்.

ஒரு ஓமானியர் வீட்டுக்குக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது?

கூப்பிடுவார்கள், போங்கள். செருப்பை வெளியே விடுங்கள், உள்ளங்கால் எதிரே இருப்பவரைப் பார்க்காதபடி உட்காருங்கள். முதலில் பேரீச்சை, பிறகு கஹ்வா என்ற பால் சேர்க்காத காப்பி. வலது கையால் வாங்க வேண்டும். குவளை சின்னது, கைப்பிடி இருக்காது. காலியானால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் குவளையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக் கொடுங்கள், புரிந்துகொள்வார்கள். பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

ஓமான் அல்வாவும் நம்ம ஊர் மஸ்கோத் அல்வாவும் ஒன்றா?

நான் மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன முதலூர்ப் பக்கத்துக்காரி, அதனால் இந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. மஸ்கத் என்ற பேரிலிருந்துதான் மஸ்கோத் வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆனால் சுவை வேறு. நம்முடையதில் தேங்காய்ப்பால். இங்கே மாவுச்சத்து, சர்க்கரை, நெய், குங்குமப்பூ, ரோஜாப் பன்னீர், ஏலம் போட்டுப் பெரிய செம்புப் பாத்திரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிண்டுகிறார்கள். வழவழவென்று, கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிற பதம். நிஸ்வா சந்தையில் சூடாகக் கிடைக்கும்போதே வாங்குங்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தால் ஆட்டுச் சந்தையையும் பார்த்துவிடலாம்.

ஜெபல் ஷம்ஸா, ஜெபல் அக்தரா? ஒன்றுதான் முடியும்.

பள்ளத்தாக்குக்கு ஷம்ஸ். பழத்துக்கும் பூவுக்கும், இதே மலைத்தொடரில் இருக்கும் அக்தர். அக்தரில் மார்ச் இறுதியிலிருந்து ரோஜாவைப் பறித்துப் பன்னீர் வடிக்கிறார்கள், ஆகஸ்ட் செப்டம்பரில் மாதுளை. ஆனால் அதற்கு ஃபோர் வீல் கட்டாயம், அடிவாரத்தில் போலீஸ் பார்த்துத்தான் விடுவார்கள். ஷம்ஸ் போகிறவர்கள் திரும்பும்போது மிஸ்ஃபத் அல் அப்ரியீனில் இறங்குங்கள். பேரீச்சை, வாழை, எலுமிச்சைக்கு நடுவே ஃபலஜ் என்ற வாய்க்கால் ஓடும். தோட்டத்துக்குத் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடுவார்கள். இந்த நாட்டின் ஐந்து ஃபலஜ்களை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் அதில் ஒன்று.

எந்த மாதம் வரலாம்? ஸ்வெட்டர் வேண்டுமா?

நவம்பர் முதல் மார்ச் வரை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும், காற்று வேறு. பாலைவன நாடு என்று பருத்திச் சட்டையோடு வந்து நடுங்காதீர்கள். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தேதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

மேலே குழந்தைகள் ஏதோ விற்கிறார்களாமே?

கம்பளியில் முடைந்த கைக்கயிறு, சாவிக்கொத்து. பெரியவர்கள் சிவப்பும் கறுப்புமாக நெய்த விரிப்புகள் வைத்திருப்பார்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள், ஒரு விரிப்புக்குப் பல நாள் வேலை. ஆடுகள் உங்கள் பையைத் தேடி வரும், பிளாஸ்டிக் கவரைக்கூட மென்றுவிடும். குப்பையைக் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

கஹ்வா பிடித்துவிட்டது. வீட்டில் போட முடியுமா?

முடியும். காப்பிக் கொட்டையை இளம்பழுப்பாக மட்டும் வறுத்துக் கொரகொரப்பாக உடையுங்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுச் சிறுதீயில் பத்து நிமிடம் கொதிக்கட்டும். இறக்குமுன் நசுக்கிய ஏலக்காய் நான்கைந்து, ஒரு சொட்டுப் பன்னீர். பாலும் சர்க்கரையும் கிடையாது, இனிப்புக்குப் பேரீச்சைதான். ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் மண்டி அடியில் தங்கிவிடும், மேலாக ஊற்றிக் குடியுங்கள்.