அமெரிக்காவின் அரிசோனாவில் ஓடும் சான் பெட்ரோ ஆற்றில் மஞ்சள் அலகுக் குயில் கண்ணில் படவில்லையா?

மே முதல் வாரத்தில் போயிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். இடம் சரி, காலம்தான் முந்திவிட்டது. மஞ்சள் அலகுக் குயில் தென் அமெரிக்காவிலிருந்து அரிசோனாவுக்கு வந்து சேரவே பெரும்பாலும் ஜூன் ஆகிவிடும், கூடு கட்டுவது ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில், சிள்வண்டும் கம்பளிப்பூச்சியும் பெருகும்போது.

ஜூலையில் விடியற்காலையில் போங்கள். ஆற்றோரம் காட்டன்வுட், வில்லோ மரங்கள் அடர்ந்த இடத்தில் நின்று முதலில் காதால் தேடுங்கள்: மரக்கட்டையைத் தட்டுவதுபோல வேகமாகத் தொடங்கும் குரல் போகப்போக மெதுவாகி இழுத்து முடியும். சத்தம் வந்த மரத்தை விட்டு நகராதீர்கள், இலைகளுக்குள் அசையாமல் வெகுநேரம் உட்கார்ந்திருக்கும் பறவை அது. வாலின் அடியில் பெரிய வெள்ளைப் புள்ளிகள், பறக்கும்போது இறக்கையில் செம்பழுப்பு, இரண்டும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் இந்தக் குயில்கள் 2014 முதல் அமெரிக்கச் சட்டப்படி அச்சுறுத்தலுக்கு உள்ளானவை, கூட்டில் இருப்பதைக் கலைத்துவிட்டால் குஞ்சுகள்தான் பாதிக்கப்படும்.

அப்புறம், தூரத்து மலையில் இடி இடித்தால் உடனே படுகையை விட்டு மேலே ஏறிவிடுங்கள், நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் திடீர் வெள்ளம் வரலாம்.