பெதுவான் போகிற தம்பிகளுக்கு

கேள்வி: அண்ணே, நாங்கள் மூன்று பேர். வயது ஐம்பதை ஒட்டி. ஞாயிறுதோறும் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் போய்த் திரும்புகிறோம். அடுத்த ஜூனில் பிரான்சில் பத்து நாள் சைக்கிள் ஓட்ட ஆசை. வான்தூ மலையும் ஏற வேண்டும். நாளுக்கு 120 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சரிதானே?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, அந்த 120ஐ முதலில் அடித்துவிடுங்கள். அங்கே தூரத்தைக் கேட்டுப் பயனில்லை, எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்றுதான் கேட்க வேண்டும்.

தாப்பாவில் என் சைக்கிள் கடை வாசலிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். ஏறுவது ஏறத்தாழ 1,400 மீட்டர். லாத்தா இஸ்கண்டார் அருவியில் நின்று பெட்டாய்க் காய் விலை கேட்டு, ரிங்லெட்டில் ஒரு தே தாரிக் குடித்து, மெதுவாகப் போய்ச் சேரலாம். வான்தூவின் உச்சி 1,910 மீட்டர். அடிவாரத்துப் பெதுவான் ஊரிலிருந்து ஏறினால் தானா ராத்தா ஏற்றத்தைவிட அதிகம், 1,600 மீட்டர். ஆனால் மொத்தத் தூரமே 21 கிலோமீட்டர்தான்! நம் கேமரன் ஏற்றத்தை மூன்றில் ஒரு பங்காக மடித்து வைத்த மாதிரி. சேன்ட் எஸ்தேவ் வளைவு தாண்டியதும் காடு வரும். அங்கே கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டருக்கு சராசரி 9 சதவீதச் சரிவு, கால் ஆற ஒரு சமதளம் கிடையாது. காடு முடிந்தால் மொட்டை வெள்ளைக்கல், நிழலே இல்லை. மிஸ்த்ரால் என்ற வடகாற்று வேகமாக அடிக்கிற நாளில் மேலே போகவே போகாதீர்கள். 1967 ஜூலை 13 அன்று டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேயப் பந்தய வீரர் அந்த மலையில்தான் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். உச்சிக்குச் சற்றுக் கீழே அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது.

நான் சொல்வது, இரண்டே ஊரில் தங்குங்கள். முதலில் பெதுவான், பிறகு ஸோ. (எழுத்தில் 'எல்', 'டி' எல்லாம் இருக்கும். வாயில் வெறும் ஸோ.) தினம் மூட்டை கட்டி ஊர் மாறினால் கால் வலியைவிட அந்த எரிச்சல்தான் பெரிதாக இருக்கும். ஸோவிலிருந்தும் வான்தூ ஏறலாம். 26 கிலோமீட்டர், முதல் இருபது சுகமானது, கடைசி ஆறுதான் வேலை வாங்கும். உங்கள் மூவருக்கும் அந்தப் பக்கம் பொருத்தம். மறுநாள் நெஸ்க் பள்ளத்தாக்கு வழியாக வீல்-சூர்-ஓசோன் வரை போங்கள். பாறையைக் குடைந்த சாலை, இதமான சரிவு. நாளுக்கு 60, 70 கிலோமீட்டர் போதும், நடுவில் ஒரு நாள் ஓய்வு. அது திங்கள்கிழமையானால் பெதுவான் சந்தையைப் பார்க்கலாம். நம்ம பாசார் மாலாம் இரவுச்சந்தை மாதிரிதான், ஆனால் காலையில்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு நாள் இரண்டு மணி இருபதுக்கு ஒரு கிராமத்துக்குள் நுழைந்தேன். நாற்காலிகள் மேசை மேல் கவிழ்ந்திருந்தன. கூட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டிவிட்டு மறுபடி கூட்டினார். ரொட்டிக்கடையும் அடைப்பு. முதுகுப் பையில் தாப்பாவில் வாங்கிய முறுக்கு இருந்தது, முழுசாக அல்ல, பொடியாக. உள்ளங்கையில் கொட்டி நக்கித் தின்றேன். அங்கே மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, அவ்வளவுதான். சின்ன ஊர்களில் ஞாயிறு மதியத்துக்கு மேல் கடையே இருக்காது. தண்ணீருக்குக் கவலையில்லை, ஊருக்கு ஊர் குழாய் உண்டு. 'ஓ பொத்தாப்ளு' என்று எழுதியிருந்தால் குடிக்கலாம். 'பொத்தாப்ளு'வுக்கு முன்னால் 'நோன்' இருந்தால் தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?
- வாசகர், பீடோர்

பதில்: சைக்கிள் வியாபாரி நான் சொல்கிறேன், வாடகைக்கே எடுங்கள். பெதுவானில் கடைகள் இருக்கின்றன. பின்சக்கரத்தில் 34 பல் வரை உள்ள காசெட் (பல்சக்கர அடுக்கு) கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, முட்டிக்கு நல்லது. சொந்த வண்டிதான் என்றால் கழற்றிப் பையில் போடுங்கள். டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் பை 130க்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பாரிஸ் விமான நிலையத்திலிருந்தே அவிஞ்ஞோனுக்கு ரயில் உண்டு. அங்கிருந்து கார்ப்பந்த்ராவுக்கு உள்ளூர் ரயில், அப்புறம் பெதுவான் பதினைந்து கிலோமீட்டர்.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மறக்காது. காப்பி குடித்துவிட்டு ஏறும்போதுதான் மறக்கும். ஒரு தபால் வேன் நேரே வந்து நின்ற பிறகு, ஹேண்டில்பாரில் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டேன், வலது பக்கத்தில்.

கேள்வி: நானும் கணவரோடு போகிறேன். சைவம். பட்டினி கிடப்பேனா?
- வாசகி, தெலுக் இந்தான்

பதில்: கிடக்க மாட்டீர்கள், தங்கச்சி. ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, பீச் பழம் எல்லாம் அந்தப் பக்கம் அருமை. சூப்பை மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள், இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். மூன்றாம் நாள் நாக்கு காரம் கேட்கும். என் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினார்கள், கண்ணாடிப் பாட்டிலில். அவிஞ்ஞோனில் பையைத் திறந்தபோது சங்கிலி முதல் சீட் வரை ஊறுகாய். நீங்கள் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் போங்கள்.