நன்றாக இருந்த நாட்களையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. காலடிப்பேட்டையில் வீடு, மண்ணடியில் கணக்கு எழுதும் வேலை. மெட்ரோ புதுவண்ணாரப்பேட்டை தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கியதும் நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, செத்துவிடுவேன் போலிருக்கிறது. இரண்டு தடவை ஈ.சி.ஜி. எடுத்தும் நார்மல். சில வாரம் படுக்கையை விட்டு எழவே மனசில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை போட்டால்தான் தூக்கம். போன தீபாவளி சமயம் மட்டும் பத்து நாள் சூப்பராக இருந்தேன். மூன்று மணி நேரத் தூக்கமே போதுமாக இருந்தது. மனநல டாக்டரிடம் போனால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று பேசுவார்கள், வரன் பார்க்கிற நேரம் என்று அம்மா பயப்படுகிறார். மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதா?
- பெயர் வேண்டாம், காலடிப்பேட்டை

பதில்: அன்புத் தங்கைக்கு, ஈ.சி.ஜி. நார்மல் என்றால் இதயத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் அந்தச் சுரங்கத்தில் நீங்கள் படும் பாடு நிஜம். அதைப் பேனிக் அட்டாக் என்பார்கள். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். விரல் மரப்பது வேகவேகமாக மூச்சு வாங்குவதால். சிகிச்சையில் நன்றாகவே குணமாகும்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய தீபாவளி வரிதான். குறைந்த தூக்கத்திலும் களைப்பே இல்லாமல், மனசு துள்ளிக்கொண்டு, பேச்சும் செலவும் கூடிப்போன நாட்களா அவை? அப்படியென்றால் டாக்டர் பைபோலார், அதாவது மனசு சில காலம் அளவுக்கு மீறித் துள்ளுவதும் சில காலம் சோர்ந்து விழுவதுமாக மாறும் நோய், இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாமலும் போகலாம், அதைச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால், வெறும் மனச்சோர்வு என்று நினைத்து அதற்கு மட்டும் மாத்திரை எழுதிவிடக்கூடும். பைபோலார் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை மட்டும் கொடுத்தால் மனநிலை எகிறிவிடும் ஆபத்து உண்டு. நோய் என்ன என்று தெரிந்த பிறகுதான் மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே. நீங்கள் அதை முதலிலேயே வைத்துக்கொண்டு கவலைப்படுகிறீர்கள்.

போவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாதவிடாய்த் தேதி, காபி எத்தனை, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. தைராய்டும் ரத்தசோகையும்கூடப் படபடப்பைத் தரும், ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கடையில் வாங்கிய மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். அது பதற்றத்தைத் தணித்துத் தூங்க வைக்கும் அல்ப்ரசோலம், குளோனசெபம் வகையாக இருந்தால் பழக்கமாகிவிடும். அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

சரி, ஆயுசுக்குமா? பதற்றத்துக்கும் சோர்வுக்கும் வழக்கமாகத் தரும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்றவை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டும், படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். நானே ஒரு காலத்தில் 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் காய் நறுக்க உட்கார்ந்தால், தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே ஷாக் அடித்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பைபோலார் என்றால் மருந்து வேறு, காலமும் நீளும். வரன் பார்க்கிறார்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பைபோலாருக்குத் தரும் வேல்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் வயிற்றில் வளரும் குழந்தைக்கு ஆகாது, ஆரம்பத்திலேயே வேறு தேர்ந்தெடுக்கலாம். பேனிக்குக்கு மருந்தில்லாத பேச்சு சிகிச்சையும் உண்டு, சி.பி.டி. என்று கேளுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும், மற்ற நோயாளிகளோடு நீங்களும் ஒருவர். கீழ்ப்பாக்கத்தைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களை நாம் வீட்டுக்குள் தவிக்க விட்டிருக்கிறோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள். எந்த நேரமும் 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆபத்து என்று தோன்றினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மாவையும் கூட்டிப் போங்கள். தீபாவளி சமயம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை உங்களைவிட அவர்தான் டாக்டருக்குச் சரியாகச் சொல்லுவார்.