தைபேயில் இரண்டு நாள், தோழி வீட்டில்

கேள்வி: சிங்கப்பூரில் கணக்காளராக இருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த தைவான் தோழி போன வருடம் ஊர் திரும்பிவிட்டாள். "ஒரு சனி, ஞாயிறு தைபே வா, எங்கள் வீட்டிலேயே தங்கு, எதையும் பிளான் பண்ணாதே" என்கிறாள். நானோ பார்க்க வேண்டிய இடங்கள் என்று 17 எழுதி வைத்திருக்கிறேன். காட்டினால் தப்பாக நினைப்பாளோ? அவளுடைய அப்பா, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் சுத்த சைவம் வேறு. எல்லாச் செலவையும் அவளே செய்துவிடுவாள் என்றும் கூச்சமாக இருக்கிறது. – பெயர் வேண்டாம், சிங்கப்பூர்

பதில்: பட்டியலைக் காட்டுங்கள். ஆனால் அதில் இரண்டே இடம் இருக்கட்டும். பதினேழையும் பார்த்தே தீருவது என்றால் அதற்குத் தோழி எதற்கு, டூர் பஸ் போதும்.

தைபே 101 உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும். 508 மீட்டர் கோபுரம், 2004-இல் கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமானது. புயலிலும் நிலநடுக்கத்திலும் ஆட்டத்தைத் தணிக்க உள்ளே 660 டன் எஃகு உருண்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் வருகிற விருந்தாளி ஒவ்வொருவரோடும் அந்த லிஃப்டில் ஏறி உங்கள் தோழிக்கு அலுத்திருந்தால் ஆச்சரியமில்லை. அதற்குப் பதில் சாயங்காலம் யானை மலைக்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஷியாங்ஷான் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் படிக்கட்டு தொடங்கிவிடும். மூச்சு வாங்கும், டிக்கெட் கிடையாது. மேலே போனால் அந்தக் கோபுரமே எதிரில் நிற்கும்.

ஞாயிறு காலையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் தேசிய அரண்மனை அருங்காட்சியகம் போய்விட்டு வருகிறேன், நீ தூங்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாரம் முழுக்க வேலை பார்த்தவருக்கு அந்த மூன்று மணி நேரம் பெரிய உபகாரம். அங்கே பச்சைக் கல்லில் செதுக்கிய முட்டைக்கோஸுக்குத்தான் கூட்டம் அலைமோதும். அது சில சமயம் வேறு ஊர்க் காட்சிக்குப் போயிருக்கும், ஏமாறாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் பயப்படவே வேண்டாம். கிழக்காசியாவில் சைவக்காரர் நிம்மதியாகச் சாப்பிட ஒரு ஊர் சொல்லுங்கள் என்றால் நான் தைபேயைத்தான் சொல்வேன். பௌத்தத்தால் வந்த பழக்கம் அது. தட்டில் எடுத்துப்போட்டு எடை போட்டுக் காசு வாங்கும் சைவக் கடைகள் நிறைய உண்டு. "வோ ச்சீ சூ" என்றால் நான் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். பாக்கெட் சைவ உணவில் முட்டை உண்டா, பால் உண்டா, பூண்டு வெங்காயம் சேர்ந்ததா என்று ஐந்து வகையாகப் பிரித்து அச்சடிப்பது அங்கே சட்டம். பல சைவக் கடைகளில் பூண்டு, வெங்காயமே இருக்காது. சோயாவிலும் கோதுமையிலும் செய்த போலி இறைச்சி தட்டில் வந்தால் திடுக்கிடாதீர்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும், கறி கிடையாது.

கவனம் வேண்டியது இரவுச் சந்தையில்தான். ராவ்ஹே சந்தை வாசலில் தந்தூர் அடுப்பு மாதிரி ஒன்றின் உள்சுவரில் ரொட்டியை ஒட்டிச் சுடுவார்கள். மணம் ஆளை இழுக்கும், ஆனால் உள்ளே பன்றி இறைச்சி. நாற்றத் தோஃபுவும் தோஃபுதானே என்று நம்பிவிட முடியாது. அதை ஊறவைக்கும் நீரில் மீனோ இறைச்சியோ சேர்ந்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். நீங்கள் தேட வேண்டியது சர்க்கரைவள்ளி உருண்டை. கோலிக்குண்டு அளவில் எண்ணெயில் போட்டு, ஜல்லிக்கரண்டியால் திரும்பத் திரும்ப அமுக்குவார்கள். அமுக்க அமுக்க உப்பிக்கொண்டே வரும். வாயில் போட்டால் மேலே மொறுமொறு, உள்ளே வெறும் காற்று. சூடாகத் தின்றுவிட வேண்டும், ஆறினால் ரப்பர். மெட்ரோவில் ஏறிச் சாப்பிடலாம் என்று எடுத்துப் போகாதீர்கள். சிங்கப்பூர்க்காரரான உங்களுக்குப் பழக்கம்தான், அங்கேயும் ரயிலில் தின்றால், தண்ணீர் குடித்தால்கூட, அபராதம் 7,500 தைவான் டாலர் வரை போகும்.

அப்பா, அம்மா? வாசலிலேயே செருப்பைக் கழற்றுங்கள், கொண்டுபோனதை இரண்டு கையாலும் கொடுங்கள், சைவமாகப் போட்டதைச் சாப்பிடுங்கள். பாதி மொழி அதிலேயே முடிந்தது. தேக்காவில் நல்ல முறுக்காக வாங்கிப் போகலாம். கடிகாரமும் குடையும் பரிசாகத் தரக் கூடாது, சாவும் பிரிவும் நினைவுக்கு வருமாம். பக்குவா வாங்கிப் போகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், இறைச்சிப் பண்டம் கொண்டுவந்தால் தைவானில் கடும் அபராதம். ஒரு எச்சரிக்கை: உங்களுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்று தெரிந்தால் அந்த அம்மா உங்களை டீஹுவா தெருவில் இருக்கும் ஷியாஹாய் கோயிலுக்குக் கூட்டிப் போனாலும் போவார். ஜோடி சேர்த்து வைக்கும் சாமி அங்கே பிரசித்தம். சிவப்பு நூல் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம். பில் வந்த பிறகு "நான்தான் தருவேன்" என்று இழுபறி செய்தால் நீங்கள் தோற்பீர்கள். சொந்த ஊரில் இருப்பவர் அவர். பல கடைகளில் கல்லாவில்தான் பணம் கட்ட வேண்டும். கை கழுவப் போகிற மாதிரி எழுந்து கட்டிவிட்டு வாருங்கள், அவர்களே ஒருவருக்கொருவர் செய்யும் வேலைதான் இது. ஒரு பெரிய சாப்பாடு உங்கள் கணக்கு, மிச்சத்தை அவர் தரட்டும். காசுக்குக் காசு சரிபார்க்க வேண்டாம், அதை நீங்கள் ஆபீஸில் செய்தால் போதும். வாங்கும் ரசீதுகளையும் கிழித்துப் போடாதீர்கள். ஒவ்வொன்றும் அரசாங்க லாட்டரிச் சீட்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை குலுக்கல். மொத்தத்தையும் தோழியின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக டிக்கெட். விமானம் நாலரை மணி நேரம்தான், கடிகாரத்தையும் மாற்ற வேண்டாம். ஆனால் நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானத்தை, மலிவென்று பார்த்து, பிடிக்காதீர்கள். மெட்ரோ ஓடாது, வேண்டாமென்றாலும் தோழி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தாவ்யுவான் விமான நிலையத்துக்கு வந்து நிற்பார். திங்கள் லீவு போட்டு ஒரு நாள் நீட்டினால், அன்று அருங்காட்சியகமும் இல்லை, மாவோகோங் கேபிள் காரும் இல்லை. உங்களுடையது இந்தியப் பாஸ்போர்ட் என்றால், டிக்கெட் போடும் முன் விசாவை முடித்துவிடுங்கள். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு அது தேவையில்லை.