தன்னார்வலர்கள் நடத்தும் மாநாட்டின் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தரும்போது எதைப் பார்க்க வேண்டும்?

250 பேருக்கு இரண்டு நாள் மென்பொருள் மாநாடு, நடத்துபவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தரும் பொறுப்பு மட்டும் உங்களிடம் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பயனர் குழுவில் நான்கு வருடம் இதே வேலையைப் பார்த்தேன்.

முதல் வருடம் கடைசி வரியை மட்டும் பார்த்தேன். வரவு ஏழு லட்சம், செலவு ஆறே முக்கால். சரி, கையைக் கடிக்காது என்று ஒப்புதல் கொடுத்துவிட்டேன். ஹாலுக்கு அட்வான்ஸ் மூன்று மாதம் முன்பே கட்ட வேண்டியிருந்தது. ஸ்பான்சர் பணமோ இன்வாய்ஸ் அனுப்பி இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. டி-ஷர்ட் வேலையைப் பார்த்த பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாதவர், 58,000 ரூபாயைத் தன் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டார். பில் அவர் பெயரிலேயே வந்ததால் கணக்குப் பார்ப்பவர் திருப்பி அனுப்பினார். பணம் அவர் கைக்குப் போக நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை வட்டியையும் அவரே கட்டியிருக்கிறார், யாரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் அவர் வரவில்லை. அந்த பட்ஜெட்டுக்குச் சரி சொன்னவன் நான்.

அதற்கப்புறம் தொகையைவிட முதலில் தேதியைத்தான் கேட்கிறேன். ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் எந்தத் தேதியில் கட்ட வேண்டும், அன்றைக்கு வங்கியில் எவ்வளவு இருக்கும் என்று எழுதச் சொல்வேன். 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்கிற ஸ்பான்சரை வரவில் சேர்க்க விடமாட்டேன். எழுத்தில் உறுதி வந்தால்தான் கணக்கில் வரும்.

வரி விஷயத்தில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஹால் வாடகை 1,20,000 என்று கொட்டேஷனில் இருக்கும், கீழே சின்ன எழுத்தில் 'ஜிஎஸ்டி தனி' என்று இருக்கும். 18 சதவீதம் சேர்த்தால் 1,41,600. ஸ்பான்சர் நிறுவனங்களும் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். அந்தப் பணம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகுதான் திரும்பும், மாநாட்டுச் செலவுக்கு உதவாது. வெளிநாட்டு அறக்கட்டளை நன்கொடை என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும்.

சாப்பாட்டில் நான் கை வைப்பதில்லை. மத்தியானம் சோறு தீர்ந்துபோய் ஜனம் வரிசையில் நின்றால், பரிமாறுகிற பிள்ளைகள்தான் பேச்சு வாங்குவார்கள். ஆனால் எத்தனை இலை என்பதை எந்த நாள் வரை மாற்றலாம் என்று சமையல்காரரிடம் கேட்டு எழுதி வாங்கச் சொல்வேன். அனுமதி இலவசம் என்றால் பதிவு செய்தவர்கள் எல்லோரும் வருவதில்லை. டிக்கெட் நூறு ரூபாய் என்று வைத்தாலே எண்ணிக்கை ஓரளவு நம்பும்படி இருக்கும்.

இன்னொன்று, திட்டம் போடும் ஆளும் ஒப்புதல் தரும் ஆளும் பணம் கொடுக்கும் ஆளும் ஒருவராகவே இருக்கக் கூடாது. டெபியன் என்கிற இலவச இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வலர்கள் 2023 செப்டம்பரில் கொச்சியில் நடத்திய டெப்கான்ஃப் மாதிரியான மாநாடுகளில் ஏற்பாட்டுக் குழு பட்ஜெட் போடும், டெபியன் திட்டத் தலைவர் ஒப்புதல் தருவார், பணம் அதற்கென்று நம்பி ஒப்படைத்த அமைப்புகளின் கணக்கில் இருக்கும். உங்கள் குழு சின்னது என்றாலும் மூன்று பேர் கிடைக்காமலா போவார்கள்?

இப்போதெல்லாம் என் ஒப்புதல் மின்னஞ்சலில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்கும். எந்தத் தேதிக்குள் எவ்வளவு வராவிட்டால் எந்தச் செலவை நிறுத்துவது, நஷ்டம் வந்தால் எந்தச் சேமிப்பிலிருந்து எடுப்பது, சொந்தப் பணம் போட்டவருக்கு பில் கொடுத்த எத்தனை நாளில் திருப்பித் தருவது. நாங்கள் ஏழு நாள் வைத்திருக்கிறோம். 5,000 ரூபாய்க்கு மேல் யாரும் கைக்காசு போடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறோம்.